மண்ணாலான சேனை

புதுச்சேரியிலிருந்து மேற்கே வில்லியனூரைக் கடந்து செல்லும் சாலைகளிலும், தெற்கே பாகூர் ஏரியைச் சூழ்ந்த கிராமங்களிலும், ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில், வேம்பும் பனையும் நிழல் செய்கின்ற தோப்புகளில், ஐயனாருக்கு நேர்ந்து வைத்த குதிரைகளும் அவற்றின் அருகே மீசை முறுக்கி நிற்கும் வீரர்களும் இருப்பதைக் காணும் எவருக்கும், இவர்கள் யாரைக் காக்கிறார்கள் என்ற சந்தேகம் எழுவதில்லை. ஊரைக் காக்கிறார்கள், ஏரிக்கரையையும் விளைந்த பயிரையும் தொழுவத்து மாட்டையும் காக்கிறார்கள், நள்ளிரவில் ஐயனார் எல்லையைச் சுற்றிவரப் புறப்படும்போது அவருக்கு முன்னும் பின்னுமாகச் செல்கிறார்கள். இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் சீன தேசத்தில், இதே மண்ணை வனைந்து சுட்டு நிறுத்திய ஏறத்தாழ 8,000 வீரர்கள் யாரைக் காக்கிறார்கள் என்று கேட்டாலோ, விடை நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. அவர்கள் காப்பது ஒரு பிரேதத்தை. பகைவன் கத்தி இனித் தீண்ட இயலாத ஒருவனுக்கு, நோயும் பசியும் மூப்பும் கடந்துவிட்ட ஒருவனுக்கு, காவல் எதற்கு? இறந்த பின் என்ன ஆகிறோம் என்ற வினாவை யமனிடமே கேட்டு நின்ற நசிகேதனின் வினா பெரிது. அதனினும் சிறிதான இவ்வினாவும் எளிதில் தீர்வதாயில்லை.

முதலில் அந்தச் சக்ரவர்த்தியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். சின் என்னும் நாட்டுக்கு கி.மு. 246இல், பதின்மூன்று வயதுச் சிறுவனாக அரசனானவன், ஒன்றையொன்று விழுங்கக் காத்திருந்த ஏனைய நாடுகளை ஒவ்வொன்றாக வென்று, கி.மு. 221இல் சீனம் முழுவதற்கும் முதற் பேரரசனாகி, சின் ஷி ஹுவாங் என்ற பெயரைச் சூடினான். தன் கல்லறை வேலையை அவன் அரியணை ஏறிய நாளிலேயே தொடங்கிவிட்டான் என்றும், பின்னர் ஏழு லட்சம் பேர் அதில் உழைத்தார்கள் என்றும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த சரித்திராசிரியர் சிமா சியன் எழுதிவைத்தார். பாதரசத்தால் ஓடும் ஆறுகள், விதானத்தில் தீட்டிய விண்மீன்கள், உள்ளே நுழைவோரைத் தாமே எய்து வீழ்த்தும் விற்பொறிகள் என்று பலவற்றை வர்ணித்த அவர், மண் வீரர்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. 1974ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சியான் நகருக்குக் கிழக்கே லின்டோங்கில், குடியானவர்கள் சிலர் கிணறு தோண்டப் போய் ஒரு மண் தலையைக் கண்டெடுக்கும் வரை உலகம் அந்தச் சேனையை அறியாது. அழியாத வாழ்வளிக்கும் மருந்தைத் தேடிக் கிழக்குக் கடற்கரைப் பக்கம் யாத்திரை சென்ற சக்ரவர்த்தி கி.மு. 210இல் வழியிலேயே இறந்தான். மரணத்தை மறைக்க விரும்பிய மந்திரிகள், துர்நாற்றம் வெளியே தெரியாதபடி, உடல் சென்ற வண்டியோடு உப்பிட்ட மீன் வண்டிகளையும் ஓட்டிவந்தார்கள். மண்ணில் எண்ணாயிரம் பேர் காத்து நிற்க, மீன் நாற்றத்தின் காவலில் அவன் ஊர் திரும்பினான் என்பதைச் சரித்திரம் சிறிதும் கூசாமல் குறித்துவைத்திருக்கிறது.

அந்தச் சேனையின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் ஒரு தத்துவம் வெளிப்படும். கல்லறை மேட்டுக்குக் கிழக்கே ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்தில், 230 மீட்டர் நீளமும் 62 மீட்டர் அகலமும் கொண்ட முதற் குழியில், இடித்துக் கெட்டித்த மண் சுவர்களுக்கிடையே, மரக்கட்டைகளால் மூடிய நீண்ட தாழ்வாரங்களில், வீரர்கள் கிழக்கு நோக்கி அணிவகுத்து நிற்கிறார்கள். வென்ற நாடுகளெல்லாம் கிழக்கில் இருந்தன. அவற்றில் கொல்லப்பட்டோர் கணக்கிலடங்கார். காலாள் ஏறக்குறைய மனித உயரமே. தளபதியோ அவனைவிட நெடியவன். தலைப்பாகையும் கொண்டை முடிச்சும் கவசத்தின் நாடாவும் பதவிக்கேற்ப மாறுகின்றன. கையில் ஏந்தியவை பொம்மை ஆயுதங்கள் அல்ல. கூர் தீட்டிய வெண்கல வாள்களும், பல்லாயிரக்கணக்கான வெண்கல அம்பு முனைகளும். உருவங்கள் மீது குயவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருப்பது அவர்களைப் போற்றுவதற்காக அன்று. பிழை நேர்ந்தால் யாரைத் தண்டிப்பது என்று அதிகாரிகள் அறிவதற்காக. ஆக, இறந்தபின் எல்லோரும் சமம் என்று ஏனைய மதங்கள் சொல்லிக் கொண்டிருந்த அந்த ஆறுதலைக்கூட இந்தச் சக்ரவர்த்தி ஏற்கவில்லை. இவ்வுலகின் சம்பளப் பட்டியலும் தண்டனைச் சட்டமும் அப்படியே பரலோகத்துக்குப் பெயர்ந்துவிடும் என்பதே அவனுடைய விச்வாசம்.

இதற்குச் சமாதானமாக ஒன்று சொல்வதுண்டு. மண் வீரனைப் புதைத்ததனால் ஓர் உயிருள்ள வீரன் பிழைத்தான். எனவே இது கருணையின் வளர்ச்சி என்பார்கள். இந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. இதே சின் நாட்டில் கி.மு. 621இல் மூ என்னும் கோமான் இறந்தபோது 177 பேர் அவனோடு புதைக்கப்பட்டனர்; கி.மு. 384இல்தான் அந்த வழக்கத்தை அந்நாட்டார் சட்டத்தால் விலக்கினர். உயிருக்குப் பதில் உருவம் என்பது உலகெங்கும் சமயங்கள் நடந்துவந்த பாதையே. யாகத்தில் ஆட்டுக்குப் பதில் மாவினால் செய்த பசுவை வைத்த மத்வ ஸம்பிரதாயமும், அம்மன் கோயிலில் தலைக்குப் பதிலாகக் குங்குமம் தடவிப் பிளக்கும் பூசணிக்காயும், கண்ணுக்குப் பதில் சமர்ப்பிக்கும் வெள்ளிக் கண்மலரும் அந்தப் பாதையில் நாம் நட்ட மைல்கற்கள்.

ஆனால் கன்பூசியஸ் முனிவரின் அபிப்பிராயம் வேறு. கல்லறைக்கென்று மனித உருவம் செய்ய முதன்முதலில் துணிந்தவனை அவர் சபித்ததாகவே மென்சியஸின் நூல் கூறுகிறது. அவனுக்குச் சந்ததி இல்லாது போகும் என்பது அச்சாபத்தின் பொருள். உயிரைப் புதைத்தவனை விட்டுப் பொம்மையைப் புதைத்தவனையா சபிப்பது என்று நமக்கு வியப்புத் தோன்றலாம். அவர் கண்ட ஆபத்து மனத்தில் நிகழ்வது. வைக்கோலால் கட்டிய உருவத்தில் தவறில்லை, அது மனிதனைப் போல இல்லை. முகமும் விரலும் பொருந்தச் செய்த உருவத்தைக் குழிக்குள் இறக்கப் பழகிய கை, மனிதனைக் குழிக்குள் இறக்கக் கூசாது என்று அவர் கருதினார். சரித்திரம் இந்த விவாதத்தில் அவர் பக்கமே சாட்சி சொல்கிறது. எண்ணாயிரம் மண் வீரர்களைப் பெற்ற பின்னும் அக்கல்லறை உயிர்களைக் கேட்டது. மகப்பேறில்லாத அந்தப்புரப் பெண்கள் அனைவரையும் தந்தையோடு அனுப்பும்படி இரண்டாம் சக்ரவர்த்தி ஆணையிட்டான். பொறிகளின் இரகசியம் அறிந்த தச்சரையும் கொல்லரையும் உள்ளே வைத்தே வாயிலை அடைத்தனர். பதிலி வந்த பின்னும் பலி நிற்கவில்லை என்றால், அந்தப் பதிலி எதற்குப் பதிலாக வந்தது?

சீனத்தைக் குறை சொல்லிவிட்டு நாம் தூய்மையராய் ஒதுங்க முடியாது. சுந்தர சோழன் இறந்தபோது அவன் தேவி வானவன்மாதேவி தீப்பாய்ந்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது. அரசனோடு உயிர் துறப்போம் என்று சபதம் செய்த வேளைக்காரப் படையினர் சோழர் காலக் கல்வெட்டுகளில் இருக்கின்றனர்; மன்னனின் சிதையில் அவனுடைய மெய்காவலர் பாய்ந்து இறக்கும் வழக்கத்தை மார்க்கோ போலோ, மாபார் என்று அவர் குறித்த நம் தமிழகக் கடற்கரை நாட்டின் செய்தியாக எழுதியிருக்கிறார். அவர்கள் மண்ணால் ஆனவர்கள் அல்லர். சேனையைப் பரலோகத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற ஆசை எந்த ஒரு தேசத்துக்கும் தனியுரிமை அன்று.

இந்தக் கேள்வியைச் சீன ஞானிகளே எவ்வளவு நுட்பமாக ஆராய்ந்திருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் மேலே செல்வது நியாயமன்று. இறந்தவரை முற்றும் இறந்தவராகவே நடத்துவது அன்பின்மை. முற்றும் உயிருடன் இருப்பவராக நடத்துவது அறிவின்மை. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி வேண்டும் என்பது சடங்குகளைப் பற்றிய அவர்களுடைய பழைய நூலின் சித்தாந்தம். அந்த நடு வழிக்காக அவர்கள் ஏற்படுத்தியவை ஆவிக்குரிய பாத்திரங்கள். நரம்பு கட்டப்பட்டிருக்கும், சுருதி கூட்டப்பட்டிராத யாழ். மணி இருக்கும், அதைத் தொங்கவிடச் சட்டம் இராது. மண் கலம் இருக்கும், அதில் நீர் முகந்து கழுவ இயலாது. வேண்டுமென்றே குறையாக விடப்பட்ட பொருள்கள் அவை. கொடுப்பவனுக்கு அது உபயோகமற்றது என்று தெரியும், தெரிந்தே கொடுக்கிறான், அந்தத் தெரிதலில்தான் துக்கமும் மரியாதையும் ஒருங்கே அடங்கியிருக்கின்றன. சின் சக்ரவர்த்தி இந்த நயத்தை உடைத்தான். அவனுடைய வில்லாளிக்கு நாண் உண்டு, வாளுக்குக் கூர் உண்டு, முகத்துக்கு முகம் வேற்றுமை உண்டு. குறை ஒன்றும் இல்லை. குறையின்மையே அவன் செய்த குற்றம் என்பது என் துணிபு.

இனி நம்மூருக்குத் திரும்புவோம். புதுச்சேரியைச் சுற்றிய செம்மண் மேடுகளிலும் மண்ணுக்குள் இறந்தோர் இருக்கிறார்கள். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேட்டை 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து, ரோமானிய மதுச் சாடிகளையும் இத்தாலிய நாட்டுச் செங்கலங்களையும் வெளிப்படுத்தியதை எல்லோரும் பேசுகிறார்கள். அவருக்குப்பின் 1947 முதல் 1950 வரை அங்கே அகழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழான்-மரி கசால், சுற்றுப்புறத்துச் சுத்துக்கேணி, முத்திரைப்பாளையம் முதலிய இடங்களில் பழைய ஈமக்காடுகளையும் ஆராய்ந்து, 1956இல் அதைப்பற்றித் தம் மனைவியாருடன் சேர்ந்து ஒரு நூல் வெளியிட்டார் என்பதை அறிந்தோர் குறைவு. சந்தையின் புகழ் சுடுகாட்டுக்கு இல்லை; அது இயல்பே. அந்தக் காடுகளில் கிடைத்தவை முதுமக்கள் தாழிகள்: எலும்புகளைத் தாங்கிய பருத்த மண் கலங்கள், அவற்றோடு சிறு கலயங்கள், இரும்புக் கருவிகள், மணிகள். இவ்வகைத் தாழிகளை ஆதிச்சநல்லூரில் அலெக்ஸாண்டர் ரீ நூற்றுக்கணக்கில் அகழ்ந்தெடுத்தார். அதே ரீ 1888இல் பல்லாவரத்தில் கால்கள் பல கொண்ட சுடுமண் ஈமப்பேழையைக் கண்டார். கடப்பை மாவட்டத்துச் சங்கவரத்தில் கிடைத்து எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள பேழையோ ஆட்டுக்கடாவின் வடிவமாகவே வனையப்பட்டது. இவற்றில் வாளும் வேலும் உண்டு. வாளேந்திய உருவம் இல்லை. சக்ரவர்த்தியின் காலத்தை ஒட்டியே வாழ்ந்த நம் முன்னோர், இறந்தவனுக்கு ஒரு கருவியைத் தந்தார்கள், ஒரு கலயத்தைத் தந்தார்கள், ஏறிச்செல்ல ஒரு வாகனத்தைக்கூடத் தந்தார்கள்; ஏவலாளைத் தரவில்லை.

தரும் வசதி இல்லாமையால்தான் தரவில்லை என்று ஒருவர் ஆக்ஷேபிக்கலாம். சிற்றூர்த் தலைவனுக்கு ஏழு லட்சம் கூலியாள் ஏது? ஆனால் சங்கப் புலவர்கள் இதைப்பற்றி எண்ணிய விதத்தைப் பார்க்கும்போது, காரணம் வறுமை மட்டும் என்று தோன்றவில்லை. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்ற சோழன் மறைந்தபோது, ஐயூர் முடவனார் பாடிய புறநானூற்றுப் பாட்டு, மந்திரியையோ தளபதியையோ அழைக்காமல் தாழி செய்யும் குயவனை அழைத்து, இத்தகைய பெரியோனை அடக்கும் கலத்தை உன்னால் எப்படி வனைய முடியும் என்று இரங்குகிறது. அதே தொகையில், கணவனை வழியிலே இழந்த ஒருத்தி, தனக்கும் இடமிருக்கும்படி தாழியை அகலமாகச் செய்யச் சொல்லிக் குயவனிடம் மன்றாடும் பாட்டும் உண்டு. இரண்டிலும் விஷயம் ஒன்றே: கலம் போதாது. புகழுக்கு அது சிறிது, அன்புக்கும் அது சிறிது. சீனத்துச் சக்ரவர்த்தி தன் குயவர்களிடம் போதும் என்ற அளவுக்கு வாங்கிக்கொண்டான். நம் புலவர் குயவனிடம் போதாது என்று சொல்லி அழுதார்.

இறந்தோனுக்கு எதையேனும் கொடுத்தனுப்புவதில் பயன் உண்டா என்ற வினாவை நம் நாட்டில் அஞ்சாமல் எழுப்பியவர்கள் சார்வாகர். இங்கே இட்ட சோறு பரலோகம் போனவனுக்குப் பசியாற்றுமானால், வெளியூர் செல்பவனுக்குக் கட்டுச்சோறு எதற்கு, வீட்டிலேயே அவன் பெயரைச் சொல்லி உண்டுவிடலாமே என்பது அவர்கள் செய்த பரிகாசம். இந்தப் பரிகாசத்துக்கு வைதிகர் சொன்ன விடைகள் பல. அவை என்னைத் திருப்திப்படுத்தினவா என்பது வேறு விஷயம். கிரியையின் உட்பொருளைக் கவனித்தால் மட்டும் ஒன்று விளங்குகிறது. முதற் பத்து நாளும் இடுகின்ற பிண்டங்களால், நாளுக்கு ஓர் அங்கமாக, தலை முதல் கால் வரை, இறந்தவனுக்கு ஒரு சூக்ஷ்ம சரீரம் அமைகிறது என்று கருட புராணம் சொல்கிறது. உருவம் செய்யும் தொழில் இங்கும் நடக்கிறது. ஆனால் செய்பவன் ஏழு லட்சத்தில் ஒருவனான கூலியாள் அல்லன், மகன். பொருள் சுட்ட மண் அன்று, காக்கை தின்றும் நீரில் கரைந்தும் போகும் சோறு. செய்யப்படுவது காவலனின் உடலும் அன்று, இறந்தவனின் உடலே, அதுவும் இவ்விடத்தை விட்டு அவன் புறப்பட்டுப் போவதற்காக. தங்குவதற்கு அன்று, போவதற்கு என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

மயானத்தில் கொள்ளிக்குடம் தூக்கிச் சுற்றுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நீர் நிறைந்த மண்குடத்தைத் தோளில் ஏந்தி மகன் சிதையைச் சுற்றிவர, ஒவ்வொரு சுற்றிலும் குடத்தில் ஒரு துளை இடப்பட்டு நீர் ஒழுக, கடைசியில் திரும்பிப் பாராமல் அதைப் பின்புறமாகப் போட்டு உடைத்துவிட்டுக் கொள்ளி வைக்கிறான். மண் இங்கே உடைவதற்கென்றே வருகிறது. விநாயக சதுர்த்தியன்று களிமண்ணில் பிடித்து வைத்த பிள்ளையாருக்கு ஆவாஹனம் செய்து, கொழுக்கட்டை நிவேதித்து, பின்னர் யதாஸ்தானம் செய்து, புதுச்சேரிக் கடலிலோ வீட்டுக் கிணற்றிலோ கரைத்துவிடுகிறோம். கரைக்காமல் வைத்துக்கொண்டால் குற்றம் என்று பாட்டிமார் கண்டிப்பார்கள். மண்ணில் உயிரை வரவழைக்கும் மந்திரம் உலகின் பல சமயங்களுக்கும் தெரியும். வந்ததை வழியனுப்பும் மந்திரத்தையும் அதே சடங்கின் பகுதியாக வைத்ததில்தான் நம்மவரின் ஞானம் இருக்கிறது. சியானில் நின்ற சேனைக்கு ஆவாஹனம் உண்டு, விஸர்ஜனம் இல்லை. அந்த வீரர்கள் காவல் மாற்றப்படாத காவலர்கள். சக்ரவர்த்தி இறந்த நான்கே ஆண்டுகளில், கி.மு. 206இல், சியாங் யூ என்னும் படைத்தலைவனின் கூட்டம் சின் தலைநகரைக் கொளுத்தியது. சேனை நின்ற குழிகளின் மரக்கூரையும் தீயில் எரிந்து வீழ, வீரர்கள் நசுங்கினர். ஆயுதங்களில் பல களவு போயின. இன்று நாம் காணும் முழு உருவங்கள் ஆராய்ச்சியாளர் சில்லுச் சில்லாகப் பொறுக்கி ஒட்டியவை. தன்னையே காத்துக்கொள்ள இயலாத காவல் என்று ஏளனம் செய்வது எளிது, அதை நான் செய்யப் போவதில்லை. அனுப்பி வைக்க ஆள் இல்லாத காரணத்தால் தீயே வந்து விஸர்ஜனம் செய்தது என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

ஐயனாரின் குதிரை உருவாகும் விதத்தை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். களிமண்ணோடு மணலும் உமியும் வைக்கோலும் கலந்து மிதித்து, முதலில் நான்கு கால்களைக் குழாய்களாக எழுப்பி, அவை சற்று இறுகியபின் வயிற்றையும் கழுத்தையும் சிறிது சிறிதாக வளர்த்து, உள்ளே முழுதும் வெற்றிடமாக விட்டு, ஆவி போகத் துளைகளும் வைத்து, வைக்கோலும் வறட்டியும் மூடிச் சுடுகிறார்கள். சீனத்துக் குயவனும் ஏறத்தாழ இப்படியேதான் செய்தான்: கால் கெட்டி, உடல் திரணை திரணையாகச் சுற்றி எழுப்பிய வெற்றுக்கூடு. கைத்தொழில் ஒன்று, கருத்து வேறு. தென் மாவட்டங்களில் நடைபெறும் புரவி எடுப்பு விழாவுக்கு, ஊரார் தம் ஊர் மண்ணில் ஒரு பிடி எடுத்துக் குயவரான வேளாரிடம் கொடுக்கிறார்கள். அந்தப் பிடிமண் மற்ற மண்ணோடு சேர்ந்து குதிரையாகி, குறித்த நாளில் கண் திறக்கப்பெற்று, தோள்களில் ஏறி ஊர்வலமாகத் தோப்பை அடைகிறது. அவ்வளவுதான் அதன் ஆயுளின் உச்சம். அடுத்த மழையில் சாயம் போகும்; சில ஆண்டுகளில் காது உடையும், வயிற்றில் குருவி கூடு கட்டும், காலடியில் புல் முளைக்கும். அதை யாரும் பழுது பார்ப்பதில்லை, அப்புறப்படுத்துவதும் இல்லை. மறு நேர்த்திக்கடனுக்குப் புதுக் குதிரை பக்கத்தில் வந்து நிற்கும். கொடுத்த அன்றே கடன் தீர்ந்தது. பிற்பாடு மழையின் வேலையை மழை செய்கிறது.

ஐயனாருக்கு நேர்ந்த குதிரை ஈமச் சிற்பம் அன்றே, அதைக் கல்லறைச் சேனையோடு ஒப்பிடுவது எப்படிப் பொருந்தும் என்று படிப்பவர் நினைக்கலாம். பொருந்தும். ஹரிஹர புத்திரரான ஐயனாரும் பூரணை புஷ்கலையரும் தெய்வப் பிறப்பினர் என்பது மெய்தான். அவர் முன்னிலையில் பலியும் இல்லை, பலியிடும்போது திரை போட்டுவிடுகிறார்கள். அந்தத் திரைக்கு இப்பால் நிற்கும் பரிவாரத்தைப் பாருங்கள். மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு இறந்த மதுரை வீரனைப் போல, அகாலமாகவும் அநியாயமாகவும் கொல்லப்பட்ட மனிதர்கள் அந்தப் பரிவாரத்தில் பலர். சீனத்தில் இறந்தவனுக்கு வீரர்கள் காவல். நம் எல்லைகளில் இறந்த வீரனே காவல். கொன்றவர்களே அஞ்சி அவனுக்குக் கோயில் எடுத்தார்கள் என்று கதைகள் சொல்கின்றன. அச்சம் நாளடைவில் அன்பாகி, அவன் பெயரைக் குழந்தைக்கு வைக்கும் வரை வந்துவிட்டது. ஆநிரை மீட்டு மாண்டவனுக்குக் கல் நட்டு, அதற்குக் காட்சி, கால்கோள் என்று ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்த காலத்திலேயே இந்த நெறி வேரூன்றியது. மன்னனுக்குச் சேவை செய்யும் எண்ணாயிரத்தில் ஒருவனாக அன்றி, தானே வழிபாட்டுக்குரியவனாக, தன் பெயரோடும் ஊரோடும் அக்கல்லில் நின்றான் படைவீரன்.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் 1938இல் திறக்கப்பட்ட பிரெஞ்சுப் போர் நினைவகத்தில், உயர்ந்த தூண்களுக்கிடையே துப்பாக்கியுடன் தலை குனிந்து நிற்கும் வீரனின் உருவம் இந்த மரபுக்கு அந்நியமானது என்று நான் நினைக்கவில்லை. முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர் கொடுத்த இப்பகுதியினருக்கு எழுப்பியது அது. ஜூலை 14ஆம் தேதி அங்கே மலர்வளையம் வைக்கும்போது, பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்த சொல்தா வீட்டுக் கிழவர்கள் சிலர் தம் பதக்கங்களைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்து நிற்பதுண்டு. பிற நாட்டுக் குடியரசு எழுப்பிய நினைவுச்சின்னமே ஆயினும், அங்கே வணங்கப்படுபவன் தளபதி அல்லன், இறந்த சிப்பாய். ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: மாய்ந்தவனை வணங்குவது அவனை மாயச் செய்தவர்களின் மனச்சாட்சிக்கு எளிதான மருந்தாகிவிடவும் கூடும். நடுகல் எழுப்பியவர்களும் அடுத்த ஆண்டு ஆநிரை கவரப் போனவர்களே. சக்ரவர்த்தியின் சேனையில் இந்தப் பாசாங்கு இல்லை. அங்கே மண் வீரனுக்கு எவனும் கைகூப்பவில்லை.

சீனத்திலும் அந்தப் பெருஞ்சேனை மறுமுறை நிகழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சின்னுக்குப் பின் வந்த ஹான் வம்சத்தில், வென் என்ற சக்ரவர்த்தி தன் கல்லறையில் பொன்னும் வெள்ளியும் வேண்டாம், மண் கலங்களே போதும் என்று ஆணையிட்டான். அவன் மகன் ஜிங் கி.மு. 141இல் இறந்தபோது யாங்லிங்கில் புதைத்த வீரர்கள் ஆள் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கே. மண்ணுடலுக்கு மரக்கைகளும் துணியுடையும் பூட்டினார்கள். மரமும் துணியும் மக்கிப்போக, கையில்லாத வெற்றுடலாய் அவர்கள் இன்று கிடக்கிறார்கள். எழுபது ஆண்டுக்குள் சேனை பொம்மையாகிவிட்டது. சிக்கனத்தின் காரணமாக என்று பொருளாதாரம் அறிந்தவர் சொல்லக்கூடும். சுருதி கூட்டாத யாழின் பழைய ஞானம் திரும்பி வந்தது என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

நம் பக்கத்தில் நடப்பதோ இதற்கு எதிரான திசை. தோப்புகளில் சுடுமண் குதிரைக்குப் பதில் சிமெண்டுக் குதிரை வருகிறது. அதன் மேல் பளபளக்கும் எனாமல் வண்ணம். உடையாது, கரையாது, ஐம்பது ஆண்டு நிற்கும் என்று ஊர்ப் பெரியவர்கள் பெருமையோடு சொல்கிறார்கள். அவர்களைக் குறை கூற எனக்கு மனமில்லை. பெருந்தொகை செலவிட்ட பக்தனுக்குத் தன் காணிக்கை நிலைக்க வேண்டும் என்ற ஆசை இயற்கை. ஆனால் நிலைத்து நிற்கும் குதிரை அடுத்த தலைமுறையின் கடனை அடைத்துவிடுகிறது. அடுத்தவன் நேர்ந்துகொள்ள இடமும் விடுவதில்லை, குயவனுக்கு வேலையும் விடுவதில்லை. வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அவ்வூர் வி. கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. கைத்திறனுக்கு மதிப்பு உண்டு, வாங்குவோரும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் தோப்புக்கு வாங்குவதில்லை. பிரெஞ்சுத் தெருக்களின் விடுதி முற்றங்களிலும் ஆரோவில் வீடுகளின் தோட்டங்களிலும், போகன்வில்லாச் செடிக்கடியில், ஐயனார் குதிரையும் அதன் காவல் வீரனும் அலங்காரமாக நிற்கிறார்கள். அவற்றுக்குப் பிடிமண் கொடுத்தவர் எவருமில்லை, கண்ணும் திறக்கவில்லை; குயவரைக் கேட்டால், அது கடைச் சாமான், சாமி இல்லை என்று தயக்கமின்றிச் சொல்லிவிடுவார். சியானில் நிற்கும் உருவங்களைக் காண ஆண்டுதோறும் திரளும் லட்சக்கணக்கானவர்களுக்கு அந்த வேற்றுமையைச் சொல்ல அங்கே எந்தக் குயவரும் இல்லை.